காரின் தொண்டையில் துரு

பெட்ரோல் மூடிக்கும் டேங்குக்கும் இடையே ஒரு முழ நீளக் குழாய். கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்போது பார்த்தாக வேண்டும்.

பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்லிவிட்டு இறங்கி நிற்கும் கார்க்காரர், பின்சக்கரத்தின் அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் பங்க் ஊழியரைத்தான் முறைப்பார். சிந்திவிட்டதாக நினைப்பார். அடுத்த முறையும் அப்படியே ஆனால் மூடியின் மீது சந்தேகம் வரும். வாசலில் நிறுத்திய வண்டியிலிருந்து காலையில் பெட்ரோல் வாசனை வீட்டுக்குள் வரத் தொடங்கிய பிறகே மெக்கானிக்கைத் தேடுவார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவி, விரலில் ஒட்டிய செந்தூளைக் காட்டுவார். அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது.

டெல்லியிலும் கொல்கத்தாவிலும் அவரை மிஸ்திரி என்பார்கள், தெற்கே மெக்கானிக். பெயர் எதுவானாலும் பழைய கார்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் செந்தூள் புதிதல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் என்று பெரிய உறுப்புகளுக்குச் செலவு செய்யத் தயங்காத உரிமையாளர்கள், பெட்ரோல் ஊற்றும் குழாய்க்கும் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். மறதிக்குக் காரணம் உண்டு. அது அசைவதில்லை, சத்தம் போடுவதில்லை, சர்வீஸ் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதும் இல்லை.

மறைவிடத்தில் ஒரு குழாய்

அமைப்பு எளிமையானது. பக்கவாட்டுத் தகட்டில் உள்ள சிறு கதவைத் திறந்தால் மூடி. மூடிக்குப் பின்னால் வளைந்து இறங்கும் இரும்புக் குழாய். அதன் கீழ்முனையில் ஒரு ரப்பர் ஹோஸ். அதற்குப் பின் டேங்க். ஹோஸின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப்புகள். பெரிய குழாயை ஒட்டியபடியே விரல் பருமனில் இன்னொரு குழாய் ஓடும். பெட்ரோல் உள்ளே போகும்போது டேங்கில் இருக்கும் காற்று வெளியேற அதுதான் வழி. இந்தச் சின்னக் குழாய் சேற்றாலோ துருவாலோ அடைத்துக்கொண்டால், பங்க்கில் துப்பாக்கிக் குழல் பாதியிலேயே 'டிக்' என்று நின்று நின்று ஊற்றும். பல உரிமையாளர்கள் பங்க்கின் இயந்திரத்தில் கோளாறு என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பல கார்களில் இந்தக் குழாய் பின்சக்கரத்தின் வளைவுக்குள் அமைந்திருக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சக்கரம் வாரியிறைக்கும் சேறும் சரளையும் நேராக அதன் மீது விழுகின்றன. சரளை பெயின்ட்டைக் கொத்தி எடுக்கிறது. சேறு குழாய்க்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் அப்பிக்கொண்டு, மழை விட்டுப் பல நாள் ஆன பின்பும் ஈரத்தைக் காத்து வைத்திருக்கிறது. இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் நடப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். மும்பை, கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், புரி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இந்த வேலையை விரைவுபடுத்துகிறது.

துருவுக்கு ஒரு குணம் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அரித்துப்போன குழாய் வெளியிலிருந்து பார்க்க மெலிந்து தெரியாது. உப்பிப் பருத்துத் திடமாகவே தெரியும். ஸ்குரூடிரைவர் முனையால் தட்டினால்தான் உண்மை வெளிப்படும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சத்தமிட்டு அப்பளம்போல் உதிரும்.

உள்ளிருந்து வரும் துரு வேறு ரகம். பெட்ரோல் குறைவாக உள்ள டேங்கில் மீதி இடத்தைக் காற்று நிரப்புகிறது. இரவில் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்க்கிறது. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி.க்கு மாற்றப்பட்ட பழைய கார்களில் இது அதிகம் நேர வாய்ப்புண்டு. வாயுவிலேயே ஓடும் வண்டியில் அவசரத்துக்கென்று இரண்டு லிட்டர் பெட்ரோலோடு டேங்க் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதுதான் இரும்புக்குப் பெரிய நோய்.

பாதி டேங்க் தத்துவம்

குழாய் டேங்க்கைவிட உயரத்தில் இருப்பதால், முழுவதும் நிரப்பினால் மட்டுமே ஓட்டை சொட்டும். பாதி நிரப்பினால் சொட்டாது. இதைக் கண்டுபிடித்த உரிமையாளர்கள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகவே நம்புகிறார்கள். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், பாதி டேங்க்கிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

இந்தச் சிக்கனம் ஆபத்தானது. சொட்டுவது நின்றாலும் ஆவி வெளியேறுவது நிற்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு படிந்து, பள்ளமான இடம் தேடிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்குப் பெட்ரோலிலிருந்து ஆவி கிளம்பும் என்றால் நம் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் வெறும் ஒன்றரை சதவீத அளவில் கலந்தாலே பற்றிக்கொள்ள அது போதும். அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், காற்றோட்டம் இல்லாத மூலையில் நிறுத்திய காரிலிருந்து இரவெல்லாம் ஆவி கசிந்தால், காலையில் யாரோ ஒருவர் தட்டும் சுவிட்சின் பொறிக்கு வேலை கிடைத்துவிடும்.

இரண்டாவது தீங்கு எதிர்த்திசையில் நடக்கிறது. பெட்ரோல் வெளியே வரும் ஓட்டையில் மழைநீர் உள்ளே போகும். கூடவே துருத்தூளும் மண்ணும். கார்புரேட்டர் வண்டியானால் ஜெட் அடைத்து, மேம்பாலத்தின் நடுவில் முக்கி முக்கி நிற்கும். எரிபொருளை ஊசிமுனையால் பீய்ச்சும் பிற்கால வண்டியானால் டேங்கினுள் இருக்கும் மின் பம்ப் பழுதாகும். சிறிய குழாயை மாற்றாததன் விலை பெரிய பம்ப்பாக வந்து நிற்கும்.

இந்த விஷயத்தைக் கார் நிறுவனங்கள் எவ்வளவு பொருட்படுத்துகின்றன என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2014 ஏப்ரலில் மாருதி சுசூகி நிறுவனம் எர்டிகா, ஸ்விப்ட், டிசையர் மாடல்களில் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே பெட்ரோல் ஊற்றும் குழாய்தான். பங்க் குழல் தானாக நின்ற பிறகும் தொடர்ந்து நிரப்பினால் பெட்ரோல் வாசனை வரலாம் என்பது குறை. அந்தக் கார்கள் சில மாதங்களுக்கு முன் தயாரானவை. துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. புத்தம்புதிய காரிலேயே இப்படி என்றால் இருபது மழைக்காலம் பார்த்த காரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

குழல் தானாக நின்ற பிறகும் நிரப்புவது இந்தியாவில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். தொகை 1,963 ரூபாயில் நின்றால் அதை 2,000 ஆக்கிவிட வேண்டும். சில்லறைத் தகராறு இல்லை. அந்த 37 ரூபாய்ப் பெட்ரோல் டேங்கில் இடமின்றிக் குழாயிலேயே நிற்கும். அரித்த குழாயில் முதல் சொட்டு வெளிப்படுவதும் அப்போதுதான்.

சோப்பும் பசையும்

கசியும் டேங்குக்கு இந்திய நெடுஞ்சாலைகளில் காலங்காலமாக ஒரு முதலுதவி உண்டு: குளியல் சோப்பு. லாரி டிரைவர்களுக்கு இது மனப்பாடம். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது. எனவே பிசைந்து ஓட்டையில் அழுத்திவிட்டால் அடுத்த ஊர்வரை வண்டி போய்ச் சேரும். அடுத்த ஊர்வரை என்பதுதான் இதன் எல்லை. மழையில் நனைந்தால் சோப்பு தன் இயல்புப்படி கரைந்துவிடும்.

இரண்டு குழம்பைப் பிசைந்து அப்பும் பசைகள் அடுத்த கட்டம். உதிரும் துருவின் மேல் அப்பிய பசை, துரு உதிரும்போது கூடவே உதிரும். மூன்றாவது வழி வெல்டிங். இங்கேதான் உயிர் போகிறது. டேங்கைக் காலி செய்துவிட்டோமே என்ற தைரியத்தில் அதன் அருகே நெருப்பைக் கொண்டுபோவார்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது என்பது பட்டறை உலகின் பழைய பாடம். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கிலோ ஆவியும் காற்றும் வெடிப்பதற்குத் தோதான விகிதத்தில் கலந்து கிடக்கும். துருவேறிய குழாய்க்கு ஒட்டு எதுவும் தீர்வல்ல. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தது என்றால் மற்ற இடங்கள் முறை வரக் காத்திருக்கின்றன என்று பொருள். மாற்றுவதுதான் வழி.

உதிரி பாகம் தேடி

மாற்றலாம், குழாய் கிடைக்க வேண்டுமே. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை வேலையை நிறுத்தியதோடு அம்பாசிடர் சகாப்தம் முடிந்தது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரே 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனத்துக்குக் கைமாறியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியான பிரீமியர் பத்மினி 2023 அக்டோபர் இறுதியில் அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றது.

இவற்றில் மாருதி 800 பாக்கியசாலி. மொத்தம் இருபத்தைந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாரானதால் உதிரி பாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கு இன்னமும் அதில் வியாபாரம் இருக்கிறது. மற்ற மாடல்களுக்கு டெல்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை, பெங்களூரின் சிவாஜி நகர் என்று அலைய வேண்டும். இந்தச் சந்தைகளில் மூன்று ரகம் உண்டு. கம்பெனி முத்திரையோடு அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்துவிட்ட பழைய சரக்கு. அச்சு அசலாகத் தோன்றும் டூப்ளிகேட். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய காயலான் கடைச் சரக்கு.

மூன்றாவது ரகத்தை வாங்குவதில் அர்த்தமில்லை. அதே வயது, அதே மழை, அதே துரு. மேலே புதுக் கறுப்புப் பெயின்ட் மட்டுமே வித்தியாசம். டூப்ளிகேட்டில் தகட்டின் கனம், வளைவின் கோணம், காற்றுக்குழாய் ஒட்டப்பட்ட இடம் மூன்றையும் பழைய குழாயோடு வைத்து ஒப்பிட வேண்டும். கோணம் ஓர் அங்குலம் தவறினாலும் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ஹோஸ் வெடிக்கும்.

எதுவும் கிடைக்காதபோது லேத் பட்டறையும் சைலன்சர் கடையும் கைகொடுக்கின்றன. பழைய குழாயை மாதிரியாக வைத்துப் புதிதாக வளைத்துத் தருகிறார்கள். எவர்சில்வரில் செய்தால் செலவு கூடும், ஆனால் துருவின் தொல்லை வெகு காலத்துக்கு இருக்காது. சாதா இரும்பானால் வெளியே மட்டும் ரெட் ஆக்சைடும் அதன் மேல் தார்ப்பூச்சும் அடிக்க வேண்டும். உள்ளே பெயின்ட் கூடாது. பெட்ரோல் அதைச் செதில் செதிலாக உரித்து எஞ்சினுக்கு அனுப்பிவிடும். ஒட்டிய இடங்களில் கசிவு இருக்கிறதா என்று ஒரு முனையை அடைத்து நீர் ஊற்றிப் பார்ப்பதும், பார்த்த பின் சொட்டு ஈரமின்றி உலர்த்துவதும் கட்டாயம்.

அரை நாள் வேலை

நல்ல கைகளுக்கு இது அரை நாள் வேலை. ஆனால் ஒழுங்கு முக்கியம். டேங்கில் பெட்ரோல் மிகக் குறைவாக இருக்கும் நாளில், திறந்தவெளியில், நிழலில் வண்டியை நிறுத்த வேண்டும். பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே தேங்கிய ஆவியின் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, பல்பு எரியும் கைவிளக்கும் பக்கத்தில் கூடாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கையை நுழைப்பது தற்கொலைக்குச் சமம். உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

அடுத்தது சுத்தம். குழாயைச் சுற்றி அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டி, பிரஷ் போட்டுத் துடைத்த பிறகுதான் கிளாம்ப்பில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயை இழுக்கும் நொடியில் மண் முழுக்க டேங்கில் விழும். துருவேறிய ஸ்குரூக்கள் எளிதில் திரும்பாது. துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். அப்போதும் மசியாவிட்டால் ஹாக்ஸா பிளேடால் பொறுமையாக அறுக்கலாம். அவசரக்காரர்கள் கிரைண்டரை எடுப்பார்கள். பெட்ரோல் ஆவியின் நடுவே பொறி பறக்கும் கிரைண்டர் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேலே கதவுக்குள் இருக்கும் ஸ்குரூக்களையும் நடுவில் தகட்டோடு பிணைத்திருக்கும் போல்ட்டையும் எடுத்தால் பழைய குழாய் கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் குழாயிலிருந்து பாடிக்கு மெல்லிய எர்த் ஒயர் ஒன்று போகும். பெட்ரோல் ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரத்தைக் கடத்துவதற்கானது அது. பயனற்றதென்று நினைத்து அதைத் தூக்கி எறியும் மெக்கானிக்குகள் உண்டு. திரும்ப மாட்ட வேண்டிய முதல் பொருள் அதுதான். குழாய் வெளியே வந்ததும் டேங்கின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். பூட்டும் முன் அந்தத் துணியை எடுக்க மறக்கக் கூடாது.

அதிகமாகத் தவறு நடப்பது ஹோஸில். ரேடியேட்டர் ஹோஸும் பார்க்க ஒன்றுபோல் கறுப்பாக, அதே பருமனில் இருக்கும். விலையும் மலிவு. ஆனால் வெந்நீருக்காகச் செய்த ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பி, மிருதுவாகி, பிய்ந்துபோகும். எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஹோஸையும் கிளாம்ப்பையும் மறுபடி போடுவது காசு மிச்சமல்ல. வேலை முடிந்ததும் முதலில் ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பதும், கசிவு இல்லை என்றால் அடுத்த நாள் முழுவதும் நிரப்பி அடியில் காகிதம் விரித்துப் பார்ப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். பெட்ரோல் ஆவியாகிவிடும், காகிதத்தில் கறை மட்டும் நிற்கும்.

எத்தனால் வந்த பிறகு

இந்தச் சின்ன வேலைக்கு இப்போது முக்கியத்துவம் கூடியிருக்கிறது. இந்தியாவில் 2003-இல் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. 2022 ஜூனில் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025-இலேயே எட்டப்பட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி பயிரிடும் விவசாயிக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதியில் அந்நியச் செலாவணி மிச்சம் என்பவை அரசு சொல்லும் காரணங்கள்.

பழைய காரின் கணக்கு வேறு. எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுள்ளது. ஓரளவு நீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அந்த அடிமண்டிதான் இரும்பை அரிக்கிறது. ஓட்டைக் குழாய் வழியே மழைநீர் இறங்கும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பொருட்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முந்தைய கார்களில் ரப்பர் பாகங்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும், அது செலவு குறைந்த எளிய வேலை என்றும் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. ஆக, பங்க்கில் மாற்றம் வராது. வண்டியில்தான் வர வேண்டும்.

ஓடலாமா, உடைக்கலாமா?

பழைய காரை வைத்திருப்பதே செலவாகிவிட்ட காலம் இது. 15 ஆண்டு முடிந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் கட்டினால் போதும். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் கார்களும் 10 ஆண்டைக் கடந்த டீசல் கார்களும் ஓடக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு டெல்லி பங்க்குகளில் எரிபொருள் மறுக்கும் திட்டம் அமலாகி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது.

புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் தகுதிச் சோதனையில் தேறினால் பழைய கார் ஓடலாம் என்பதே சட்டம். ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியருக்கும், ஊருக்கு ஒரே வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் புதுக் கார் என்பது எட்டாத கனி. அவர்களுக்கு அந்தச் சான்றிதழ் முக்கியம். சோதனைக்கு வரும் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம். அனுப்பவும் வேண்டும். காரணம் அந்த ஆசிரியர் தன் பேரப்பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகிறார். பின்சீட்டுக்கும் குழாய்க்கும் இடையே பல கார்களில் ஒரு தகடுதான் இருக்கிறது.

பழைய மெக்கானிக்குகளிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், பின்சக்கரத்தைக் கழற்றிச் சேற்றைச் சுரண்டி, குழாயைத் தட்டிப் பார்த்துக் கறுப்புப் பூச்சு ஒன்று கொடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பஞ்சர் ஒட்டும் நாளிலேயே, சக்கரம் எப்படியும் கழன்றிருக்கும்போது, செய்துகொள்ளலாம். அதைச் செய்யும் உரிமையாளர்கள் குறைவு. அதனால்தான் புதுப்பேட்டையிலும் மல்லிக் பஜாரிலும் வியாபாரம் நடக்கிறது.